குடிமதிப்புக் கணக்கும் நம் குலமுறையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்து இளைஞர் பலர் அண்மைக் காலத்தில் ஒரு வினாவை எழுப்பி வருகின்றனர். “எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் யாவர்? எவ்வூரினர்? என்ன தொழில் செய்து பிழைத்தனர்? யார் யாருடன் சம்பந்தம் செய்தனர்?” என்பதே அவ்வினா. இது மிகவும் போற்றத்தக்கது. ஆயின், சர்க்கார் எடுத்த பழைய குடிமதிப்புக் கணக்கைப் புரட்டினால் இவை யாவும் பெயர் பெயராகக் கிடைத்துவிடும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தில் எவ்வளவு மெய் உண்டு, எவ்வளவு இல்லை என்பதை இன்று ஆராய்வோம்.

இங்கிலாந்து தேசத்தார்க்கு அவ்வசதி உண்டு. அங்கே 1841 முதல் வீடு வீடாக எழுதிய ஏடுகள் பெயர், வயது, தொழில் முதலிய விவரங்களோடு பாதுகாக்கப்பட்டு, 100 ஆண்டுகள் சென்றபின் பொதுஜனங்கள் பார்வைக்கு விடப்படுகின்றன. 1921-ஆம் ஆண்டு ஏடுகள் 2022-இல் திறக்கப்பட்டன. நம் நாட்டு நிலைமை வேறு. நம் முன்னோர் கானேஷுமாரி என்று வழங்கிய கணக்கில், வீட்டுக்கு வீடு பெயர் எழுதினார்கள் என்பது உண்மையே. ஆனால் அவ்வேடுகளிலிருந்து எண்ணிக்கைகளைத் திரட்டிக்கொண்டபின், ஏடுகளைக் காத்து வைக்கவில்லை. எஞ்சியவை அச்சிட்ட தொகுப்பு நூல்களே. சுதந்தரத்திற்குப் பின் ஏற்பட்ட 1948-ஆம் ஆண்டுச் சட்டமோ, கணக்கேடுகளைப் பிறர் பார்வையிடவும் கூடாது, நியாயஸ்தலத்தில் சாட்சியமாகக் கொள்ளவும் கூடாது என்று விதித்தது. ஆகவே அக்கணக்கில் நம் பாட்டனார் பெயரைத் தேடுவது வீண்.

பெயர் இல்லையெனில் பயன் இல்லையோ என்று கேட்பீர்கள். பெரும் பயன் உண்டு. சென்னை ராஜதானியில் 1871 நவம்பரில் எடுத்த கணக்கின் அறிக்கையை டாக்டர் கார்னிஷ் என்பவர் எழுதினார். அதன்பின் 1881 முதல் 1931 வரை பத்தாண்டுக்கொரு முறை கணக்கெடுக்கப்பட்டது. அந்நூல்களில் ஜில்லாதோறும் எத்தனை பேர், எந்த ஜாதியார், எத்தொழிலினர் என்னும் அட்டவணைகள் உள்ளன. அவற்றைப் படிக்கும் முறை மாத்திரம் தெரிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, ஜாதி அட்டவணை வேறு, தொழில் அட்டவணை வேறு. 1891-ஆம் ஆண்டுக் கணக்கில் ஜாதிகளை அவரவர் மரபுத் தொழிலை வைத்தே வகுத்தார்கள். நெசவை மரபாகக் கொண்ட நாம் நெசவாளர் வகுப்பில் சேர்க்கப்பட்டோம். அதனால் அன்று நம்மவர் யாவரும் தறியில் இருந்தனர் என்று முடிவு கட்டலாகாது. உழவுக்கும் கூலிக்கும் வியாபாரத்திற்கும் சென்றவர்களும் அவ்வகுப்பிலேயே எண்ணப்பட்டனர். உண்மையில் எத்தனை பேர் குலத்தொழிலில் நின்றனர் என்பதை அறிய விரும்புவோர், 1911, 1931 ஆகிய ஆண்டுகளில் சில ஜாதிகளுக்கெனத் தனியே வெளியிட்ட தொழில் அட்டவணைகளைப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, எல்லைகளைக் கவனித்தல் வேண்டும். 1871-இல் சேலம் ஜில்லா என்றால், இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் திருப்பத்தூர்ப் பகுதியும் அதில் அடங்கும். இதை மறந்து அன்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட்டால் பிழையே விளையும்.

மூன்றாவது, அட்டவணையில் நம் பெண்மக்களின் உழைப்பு மறைந்துகிடக்கிறது. பாவு ஓடுவதும், தார் சுற்றுவதும், நூலுக்குக் கஞ்சி போடுவதும் யார் செய்த வேலை? அவர்கள் கையின்றித் தறி ஒரு நாளும் ஓடியதில்லை. ஆயினும் கணக்கன் வந்து கேட்டபொழுது விடை சொன்னவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவர். 1901-இல் உழைப்போர் என்றும் அவரைச் சார்ந்து உண்போர் என்றும் இருவகை பிரித்தபோது, நெய்பவர் ஒரு பக்கமும், அவருக்கு நூல் பக்குவம் செய்துகொடுத்தவர் பலர் மறுபக்கமும் போயினர். 1931-இல்தான் ‘உழைக்கும் சார்பினர்’ என்று ஒரு வகுப்பு ஏற்பட்டது. எண்ணைப் படிக்கும்பொழுது இதனை நினைவிற்கொள்க.

இனி, இவ்வெண்கள் நம் குடும்ப வரலாற்றுக்கு எவ்வாறு ஒளி தருகின்றன என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். நம்மவர் வீடுகள் பலவற்றில், “தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தோம், அதற்கு முன் ஒன்றும் தெரியாது” என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சம். சேலம் ஜில்லாவில் 1871-இல் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த ஜனத்தொகை, 1881-இல் 16 லட்சமாகக் குறைந்தது. பழைய எண்ணை நெருங்குவதற்கு 1891 வரை ஆயிற்று. தானியம் விலையேறியபொழுது துணி வாங்குவார் இலர். துணி விலைபோகாதபொழுது நெய்தவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆதலால், நம் வமிசாவளி அவ்வாண்டுகளில் அறுபட்டு நிற்பதற்குக் காரணம் முன்னோரின் அசிரத்தையன்று. பெயர் சொல்ல வேண்டியவர்கள் மாண்டனர், அன்றேல் சிதறினர்.

சிதறியவர் எங்கே சென்றனர்? அங்கே நமக்குப் பெயர்களே கிடைக்கின்றன என்பது வியப்பன்றோ! 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற முதற் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றவர் ஏறக்குறைய 1 லட்சத்து 52 ஆயிரம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறையில் ஏறியவர். அவர்தம் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் வரையில் எழுதப்பட்டுள்ளன. மொரீஷியஸுக்குச் சென்றோர் பதிவுகள் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. ஊரில் நிலைத்து நின்ற அண்ணனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கப்பலேறிய தம்பிக்கோ முழு அடையாளமும் உண்டு. தம்பியின் பதிவில் உள்ள தகப்பன் பெயரும் ஊரும் அண்ணனுக்கும் உரியவையே அல்லவா?

இங்கே ஒன்று சொல்லவேண்டும். தம் குடும்பத்தார் கூலியாய்ச் சென்றனர் என்பதை மறைப்போர் நம்மில் இன்னும் உளர். கடல் கடந்தவர் சந்ததியார் ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு உறவு தேடி வருமிடத்து, அறிந்தும் அறியாதவர் போல் இருத்தல் தகுமோ? பசியால் கூலிக்குப் போனது இழிவன்று. போனவரை இல்லையென்பதே இழிவு. அவ்வாறே, முற்காலத்தில் பல ஜாதிச் சங்கங்கள் அட்டவணையில் உயர்ந்த இடமும் புதுப்பெயரும் வேண்டிச் சர்க்காருக்கு மனுமேல் மனு அனுப்பின. 1901-இல் ஜாதிகளை மேல் கீழ் என வரிசைப்படுத்த முற்பட்டதே அதனை வளர்த்தது. நாம் இன்று அக்கணக்கைத் தேடுவது மேன்மை பாராட்டற்கன்று, மெய்யறிதற்கே.

உள்ளூரில் இருந்தோர் பெயரை எங்ஙனம் அறிவது? வீட்டுப் பெட்டியிலிருந்தே தொடங்குங்கள். பழைய கிரயப் பத்திரத்தில் இன்னார் குமாரர் இன்னார், இன்ன ஜாதி, இன்ன தொழில், இன்ன ஊர் என்று எழுதுவது வழக்கம். 1865 முதல் பதிவான பத்திரங்களை ரிஜிஸ்தர் ஆபீஸில் விசாரிக்கலாம். பழைய சர்க்கார் தஸ்தாவேஜுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எல்லாவற்றினும் மேலானது கலியாண மொய் நோட்டு. எவ்வூரிலிருந்து யார் வந்தார், மாமன் எவர், சம்பந்தி எவர் என்பதை அதைப்போல் காட்டும் ஏடு வேறில்லை. அதனைப் பழங்காகிதமென்று எடைக்குப் போடாதீர்கள்.

பொதுவாக எல்லா ஜாதியினர் எண்ணிக்கையும் 1931-க்குப் பின் குடிமதிப்பு நூல்களில் வெளிவரவில்லை. மறுபடியும் ஜாதி கேட்கப்படும் என்று மத்திய சர்க்கார் 2025 ஏப்ரலில் அறிவித்தது. எந்தக் கணக்கு வந்தாலும் அது நம் தொகையைச் சொல்லுமேயன்றி நம் பாட்டியார் பெயரைச் சொல்லாது. அதை நாமேதான் எழுதவேண்டும்.

ஆகவே, இச்சபையில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வீட்டு முதியோரைக் கேட்டு, பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், கொண்ட கொடுத்த இடம் ஆகியவற்றை எழுதுமாறு வேண்டுகிறோம். ஆண்களை மட்டும் எழுதி நிறுத்தாமல், மனைவியர் பெயரையும் அவர்தம் பிறந்தகத்தையும் அவர்கள் செய்த வேலையையும் எழுதுங்கள். அதன் பிரதியொன்றைச் சங்கத்திற்கு அனுப்பினால், அதனைக் காத்து வைப்பது நம் கடமையாகும். எண்பது தொண்ணூறு வயதினர் சிலரேனும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் நினைவே நமக்குள்ள முதல் ஏடு. அது திறந்திருக்கும் காலத்திலேயே படித்துக்கொள்வோமாக.