ஒரு லீற்றர் தண்ணீரும் கொழுந்துத் தராசும்

(குச்சவெளியில் நடந்த தொழிலாளர் குடும்பங்களின் கல்வி முகாமில் ஆற்றிய உரை)



இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து மலையிலிருந்து வந்தவர்களை, விடிந்தும் விடியாமலும் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனோம் என்று நேற்றுச் சிலர் எங்களைத் திட்டினீர்கள். திட்டுங்கள், பரவாயில்லை. அங்கே பிள்ளைகள் செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இரண்டு போத்தல், இரண்டும் ஒரு லீற்றர். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் கடல் தண்ணீர். கடையில் சீனி நிறுக்கும் தராசில் வைத்து, வெறும் போத்தலின் எடையைக் கழித்துப் பார்த்தார்கள். கிணற்றுத் தண்ணீர் 1,000 கிராம். கடல் தண்ணீர் அதைவிட ஏறக்குறைய 25 கிராம் கூட. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

இந்த ஊர் மணல் ஊர். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கனம் குறைந்தது மேலே, கூடியது கீழே. இப்போது கணக்கைப் பாருங்கள். 40 பங்கு கடல் தண்ணீரின் எடை 40 தடவை 1,025, அதாவது 41,000. நல்ல தண்ணீரில் அதே எடை வர 41 பங்கு வேண்டும். ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். சந்தோஷமான கணக்கு. ஆனால் அதைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். நூறு வருஷத்துக்கு முன்பே ஐரோப்பாக் கரையில் வேலை செய்தவர்கள் கண்டுபிடித்த கணக்கு இது. நம் பிள்ளைகளுக்கு இரண்டு போத்தல் போதுமாக இருந்தது.

2004 டிசம்பர் 26 இந்தக் கரைக்கு என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். அலை திரும்பிப் போன பிறகு கிழக்குக் கரையெங்கும் கிணறுகளில் உப்பு. சனங்களும் உதவிக்கு வந்தவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் மோட்டார் வைத்து இறைத்தார்கள். அளவு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே வரும் என்று நீர் ஆய்வாளர்கள் எச்சரிக்க வேண்டி வந்தது. உப்பைக் கழுவி இறக்க மழை வேண்டும், பொறுமையும் வேண்டும். நல்ல எண்ணம் மட்டும் இருந்து அந்த 40ஐத் தெரியாமல் இருந்தால் கிணறு கெட்டுவிடும். கரையோரத்தில் ஒரு விடுதி வந்தால் அது ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் மோட்டார் ஓட்டலாம் என்று பிரதேச சபையில் எழுந்து கேட்பதற்கும் இந்தக் கணக்குத்தான் வேண்டும்.

இப்படிச் சொல்லிக் கொடுப்பது நாங்கள் கண்டுபிடித்த வழி அல்ல. இந்தியாவில், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 கிராமப் பாடசாலைகளில் இப்படித் தொடங்கினார்கள். பிள்ளைகள் வயலுக்கும் குளத்துக்கும் போய்ப் பார்த்து, செய்து படித்தார்கள். பரீட்சைக்குப் புத்தகத்தைக் கொண்டு போகலாம். மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. முப்பது வருஷம் நடந்த அதை 2002இல் அரசாங்கம் நிறுத்தியது. நமக்கு அது பெரிய வருத்தம். நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த புதுக்கோட்டையில், 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கும் பெண்கள் எழுத்துப் படித்தார்கள், சைக்கிள் ஓட்டப் படித்தார்கள். கல்குவாரிகளையே அவர்களுடைய குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். குத்தகை எடுத்தவளுக்குக் கணக்குத் தெரியாமல் முடியுமா?

சரி, நம் மலைக்கு வருவோம். விஞ்ஞானத்துக்கும் கணக்குக்கும் ஆசிரியர் இல்லை என்று எத்தனை மகஜர் கொடுத்திருப்போம்! இன்னும் கொடுப்போம். ஆனால் நமக்கு நாளுக்கு மூன்று தடவை ஒரு கணக்குப் பாடம் நடக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில்தான். அங்கே நாம் வாய் திறப்பதில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஈரத்துக்கென்று கிலோ கழித்தார்கள். மழையிலும் கழித்தார்கள், மண் வெடிக்கிற வெயிலிலும் அதே அளவு கழித்தார்கள். நிறுவை ஒன்றுக்கு ஒரு கிலோ என்று வையுங்கள். நாளுக்கு 3 கிலோ. 25 நாளுக்கு 75. வருஷத்துக்கு 900 கிலோ. பச்சைக் கொழுந்து ஏறக்குறைய நாலரைக் கிலோ போனால் ஒரு கிலோ தூள். அப்படியானால் ஒரு பெண்ணின் பெயரில் ஏறாத கொழுந்து, வருஷத்துக்கு 200 கிலோ தேயிலை. 'ஒரு கிலோதானே' என்று சொன்னவரும் இந்தக் கணக்கைப் போட்டதில்லை, கேட்டுக்கொண்டு நின்ற நாமும் போட்டதில்லை.

ஈரத்துக்குக் கழிக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எவ்வளவு ஈரம் என்று அளக்கலாம் என்கிறோம். மழை நாளில் ஒரு கிலோ கொழுந்தை நிறுத்து, பழைய துணியில் ஒற்றித் துடைத்து, திரும்ப நிறுங்கள். குறைந்ததுதான் மழைத் தண்ணீர். ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்யலாம். வெயில் நாளிலும் செய்யுங்கள், பனி விழுந்த காலையிலும் செய்யுங்கள். அடைமழையில் அவர்கள் கழித்தது சரிதான் என்றும் வரலாம். வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்குச் சாதகமான நாளை மட்டும் எழுதினால் அதுவும் பொய்க்கணக்குத்தான்.

தராசுக்கும் சோதனை உண்டு. அதற்கு அந்தப் போத்தல் போதும். ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ. பத்து லீற்றர் கேனை வெறுமையாக, சரியென்று தெரிந்த வேறொரு தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 5 லீற்றர் ஊற்றி நிறுங்கள், 10 லீற்றர் ஊற்றி நிறுங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால், முள் சுழியத்தில் நிற்கவில்லை. தண்ணீர் கூடக் கூடக் குறைவும் கூடினால், தராசிலேயே கோளாறு. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி வியாபாரத் தராசுகளைச் சோதித்து முத்திரை போட ஓர் அரச திணைக்களமே இருக்கிறது. முத்திரை எங்கே, எந்த வருஷத்தது என்று கேளுங்கள். சண்டையாகக் கேட்க வேண்டாம். கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கொப்பியில் ஐந்து நிரல் போதும்: திகதி, மழையா வெயிலா, தராசு காட்டியது, கழித்தது, செக்ரோலில் ஏறியது. அம்மா சொல்ல, பிள்ளை எழுதட்டும். மூன்று மாதக் கொப்பிகளைத் தோட்டக் கமிட்டித் தலைவர்மார் சேர்த்துக் கொண்டுவந்தால், அடுத்த பேச்சுவார்த்தைக்கு அவற்றோடு போவோம்.

பஸ் நாலு மணிக்கு. வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிக்குக் காட்டக் கடல் தண்ணீர் கொண்டுபோக வேண்டுமென்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் அந்தப் போத்தலைத் தராசுச் சோதனைக்கு எடுக்காதீர்கள். 25 கிராம் கூடக் காட்டும், நம் பக்கம் பொய்யாகிவிடும்.