விரற்கடை நிலம்

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், ருத்தெங் ஊருக்கு அருகே குன்றேறி நின்றால், கீழே வயல்வெளி பெரிய சிலந்திவலையாக விரிந்து கிடக்கும். மங்கராய் மக்களின் ஊர்ப்பொது நிலம் அது, லிங்கோ என்பார்கள். நடுவில் ஒரு மரமுளை அடிப்பார்கள். 'துவா தேனோ' என்னும் பெரியவர் அந்த முளையருகே விரல் வைத்துப் பங்கு அளப்பார். எந்தக் குடும்பத்துக்கு எத்தனை விரல் என்பதுதான் கணக்கு. அங்கிருந்து எல்லைக்கோடு வெளிவரப்பு வரை ஓடும். நடுவே விரற்கடை அகலம். போகப்போக அகன்ற வயல்! அளவுச் சங்கிலியும் வரைபடமும் இல்லாமல் இப்படிப் பிரித்தவர்களை நினைத்தாலே மனம் நெகிழ்கிறது. முன்பு காடு திருத்திப் பயிரிட்ட அந்த நிலங்கள் பலவற்றில் இன்று நெல் விளைகிறது. வரப்புகள் மட்டும் இன்னும் அந்த நடுமுளையை நோக்கியே ஓடுகின்றன.