கணக்கில் வராத இழப்பு



பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஏப்ரல் மாதம் கோதுமை கதிரடிக்கும் காலம். கதிரடிக்கும் இயந்திரத்தினின்று எழும் தூசியில் உமித்துகளும் பூஞ்சை வித்துகளும் கலந்துள்ளன. அதனைத் தொடர்ந்து சுவாசிப்போருள் சிலருக்கு ஆஸ்துமா உண்டாகிறது. ஈரம் உலராமல் அடுக்கிய வைக்கோலில் பெருகும் நுண்ணுயிர்களோ ‘உழவர் நுரையீரல்’ என்னும் ஒவ்வாமை நோயை விளைவிக்கின்றன.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பிற்காலத் திருத்தத்தின் வாயிலாக, இவ்வகை நோயைத் தொழில்நோயாக ஏற்றது. ஆனால், இழப்பீடு வழங்க வேண்டியவர் முதலாளி. தன் நிலத்தில் தானே பாடுபடும் சிறு விவசாயிக்கு முதலாளி யார்?

வேளாண் செலவு, விலை ஆணையம் சாகுபடிச் செலவில் குடும்ப உழைப்பையும் மதிப்பிட்டுச் சேர்க்கிறது. மூச்சிரைத்துப் படுத்த நாட்களுக்கு அக்கணக்கில் இடமில்லை.

தடுப்புமுறைகள் எளியவை: தானியத்தையும் தீவனத்தையும் நன்கு உலர்த்திச் சேமித்தல், தூசி முகத்தில் படாதவாறு காற்றின் திசையறிந்து நிற்றல், முகக்கவசம் அணிதல்.

நோயாளியிடம் அவர் தொழிலைக் கேட்குமாறு மருத்துவர்களுக்கு வலியுறுத்தியவர் இத்தாலியின் ரமஸ்ஸினி. அவரது நூல் வெளியானது 1700-இல். கிராமங்களுக்குக் கணக்கெடுக்கச் செல்லும் நாமும் ஒரு கேள்வி கேட்போம்: “மூச்சிரைப்பால் எத்தனை நாள் வேலை இழந்தீர்கள்?” எண்ணப்படாத இழப்புக்கு எந்தத் திட்டத்திலும் நிதி ஒதுக்க இயலாது.