தலையிலே ஒரு காயம்

கொழும்பிலிருந்து கண்டி செல்லும் புகையிரதம் ரம்புக்கனையைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. அப்பகுதி றப்பர் தோட்டங்களில் பால் வெட்டச் செல்வோர்க்குக் காற்று நாளில் ஓர் அச்சம் உண்டு. காய்ந்த கிளை முறிந்து தலையில் விழலாம். காயம் ஓரங்குலமேயாயினும் முகமெல்லாம் இரத்தம் வடியும். மண்டையே பிளந்ததென்று சுற்றி நிற்போர் கலங்குவர். கோப்பித்தூளை அள்ளி அப்புவோரும் உளர்.

இத்துணை இரத்தம் வருவது ஏன்? தலைத்தோல் ஐந்து அடுக்குகளால் ஆயது. இவ்வறிவு தமிழுக்குப் புதியதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெருநூலையும் வெளியிட்டார். மேலே மயிர் முளைக்கும் தோல்; அதன்கீழ் கெட்டியான தொடுப்பிழையம்; அடுத்து நெற்றித் தசையையும் பிடரித் தசையையும் இணைக்கும் நார்த்தகடு; நான்காவது தளர்ந்த இழையம்; ஐந்தாவது மண்டையோட்டை ஒட்டிய மென்படலம்.

இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் ஓடுவது இரண்டாம் அடுக்கிலே. பிற இடங்களில் அறுபட்ட நாடி சுருங்கித் தன் வாயைத் தானே மூட முயலும். இங்கோ கெட்டியான இழையம் அதன் சுவரைப் பற்றி இழுத்து, வாயைத் திறந்தே வைக்கிறது. அன்றியும், பக்கத்துக்கு ஐந்தாக வரும் நாடிகள் ஒன்றோடொன்று கலத்தலால், வெட்டுண்ட இரு முனைகளிலிருந்தும் இரத்தம் பாயும். ஆனால் கீழே உறுதியான என்பு இருக்கிறதே! தூய துணியை மடித்து வைத்து, இடையிடையே எடுத்துப் பாராமல், பத்து நிமிடம் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். என்பு உள்வாங்கியிருந்தால் மாத்திரம் அழுத்தலாகாது. துணியால் மூடி விரைந்து வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். கோப்பித்தூளோ அழுக்கையே சேர்க்கும்.

வெளியே வடியும் இரத்தத்தினும் அஞ்சத்தக்கது நான்காம் அடுக்கில் தேங்குவது. நெற்றித் தசை என்பிற் பற்றாது புருவத் தோலிலே முடிவதால், அவ்விரத்தம் கண்ணிமைவரை இறங்கிவிடும். அடிபட்டது உச்சியில், மறுநாள் கறுப்பது கண். மண்டையோட்டின் அடிப்பாகம் உடைந்தாலும் கண் இவ்வாறே கறுக்கும். இரண்டில் எதுவென்று வீட்டார் துணியலாகாது. சீழ் பிடித்தால் அதுவும் இவ்வடுக்கிலே பரவும். மண்டையோட்டைத் துளைத்துச் செல்லும் சிறு நாளங்கள் வழியே உள்ளேயும் எட்டலாம். முகத்திலும் இத்தகைய வழியுண்டு. மூக்கின் மேற்பகுதி முதல் வாயின் இரு கோடிகள்வரை உள்ள முக்கோணத்தின் நாளங்கள் கண்குழி வழியே மூளையடி நாளங்களோடு தொடர்புடையன. அங்கே எழும் பருவை நகத்தாற் கிள்ளுவது விளையாட்டன்று.

தலையில் அடிபட்டவர் வாந்தியெடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஓயாது தூங்கி வழிந்தாலோ, இரத்தம் நின்றதே என்று லயத்திற் படுக்கவைத்தல் தவறு; இரவாயினும் கேகாலை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.