காய்ச்சலுக்கு எக்கோஸ்பிரின் குடுக்கலாமா?

பூந்தமல்லியிலேருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அப்பாவுக்கு நாலு நாளா காய்ச்சல், இருமல். கொரோனா சமயத்துல தாத்தாவுக்கு ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டாங்க. அப்பாவுக்கு முன்கூட்டியே எக்கோஸ்பிரின் குடுக்கலாமா?"

குடுக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

2020 மார்ச்சில் வெளிநாட்டுலேருந்து வந்தவங்களை உங்க ஊர் பொது சுகாதார நிறுவனத்துலதான் தனிமைப்படுத்தி வெச்சாங்க. அப்போ கொரோனாவை வெறும் நுரையீரல் நோயாத்தான் பார்த்தோம். சில மாசத்துலயே ரத்தக் கட்டி பிரச்சினை தெரிய வந்தது. வைரஸால ரத்தக் குழாயோட உள்சுவர் புண்ணாகுது. உடம்பு அதை வெட்டுக்காயம்னு நினைச்சு அடைக்கப் பார்க்குது. நோயாளியோ நாள்கணக்கா படுத்த படுக்கை. காலில் ரத்தம் தேங்குது. அங்கே உறைஞ்ச கட்டி நகர்ந்து நுரையீரல் குழாயை அடைச்சா உயிருக்கே ஆபத்து. தாத்தாவுக்குப் போட்டது அநேகமா ஹெப்பாரின் வகை ஊசி. இனாக்ஸபாரின்னு கேள்விப்பட்டிருப்பீங்க.

அந்த ஊசியிலயும் ஒரு விசித்திரம். 2021-ல் வந்த பெரிய ஆய்வுகள்ல, வார்டில் இருந்தவங்களுக்கு முழு டோஸ் ஹெப்பாரின் உதவுச்சு. ஐசியூவில் இருந்தவங்களுக்கு உதவல. ரத்தக்கசிவு அபாயம் மட்டும் கூடவே வந்துச்சு. டாக்டர்களுக்கே கத்தி மேல நடக்குற விஷயம் இது.

ஆஸ்பிரின்? எக்கோஸ்பிரின் அதேதான். பிரிட்டனோட ரெகவரி ஆய்வுல ஆஸ்பத்திரியில் சேர்ந்த கிட்டத்தட்ட 15,000 பேரை வெச்சுப் பார்த்தாங்க. மாத்திரை சாப்பிட்டவங்க, சாப்பிடாதவங்க, ரெண்டு பக்கமும் 28 நாளுக்குள்ள இறந்தவங்க 17 சதவீதம்.

இன்னொண்ணு, நம்ம ஊருக்கே உரியது. சென்னையில காய்ச்சல்னா அது டெங்குவாவும் இருக்கலாம். டெங்குவில தட்டணுக்கள் குறையும். அப்போ ஆஸ்பிரின் குடுத்தா ரத்தக்கசிவை நாமே வரவழைச்ச மாதிரி. ஆனா அப்பா ஏற்கெனவே இதய டாக்டர் சொல்லி அதைச் சாப்பிடுறவர்னா, நீங்களா நிறுத்தவும் கூடாது, டாக்டரைக் கேளுங்க.

லேப்ல போய் டி-டைமர் பார்க்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. உறைஞ்ச ரத்தம் கரையும்போது வர்ற துணுக்குதான் அது. வயசானா ஏறும், கர்ப்பத்துல ஏறும், சாதாரணத் தொற்றுலயும் ஏறும். அந்த நம்பரை மட்டும் வெச்சு மாத்திரை ஆரம்பிக்க முடியாது.

அப்பாவை இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ, டோக்கன் போட்டு உட்கார வேண்டாம். 108-க்கு அடிங்க.