வானிலிருந்து வாசித்த தரை
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகக் கூடி நூல்களைப் படித்துவரும் இந்த அவையில், பிரான்சு நாட்டின் பழைய கோல்ஃப் தளங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர்கள் சிலர் புன்னகைத்தனர். செல்வர் ஆடும் ஆட்டத்துக்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்பதே அப்புன்னகையின் பொருள். அந்த ஆட்டத்தை நான் ஆடியதில்லை. ஆடும் எண்ணமும் இல்லை. ஒரு பரப்பில் ஒருவர் எழுதுகிறார். அதன்மேல் வேறொருவர் எழுதுகிறார். பிறகு இரண்டும் மறக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட பரப்பை எவ்வாறு வாசிப்பது என்னும் கேள்வியே என்னை இப்பொருளுக்கு இழுத்துச் சென்றது. என் முனைவர்ப் பட்ட ஆய்வு நிலக்கொடைக் கல்வெட்டுகளைப் பற்றியது. நிலத்தை எழுத்தின் வழியாகப் படித்துப் பழகிய எனக்கு, நிலமே எழுத்தாக நிற்கும் இடம் ஒன்று புதுமையாய்த் தோன்றியது.

ஆட்டத்தை அறியாதார்க்குச் சில சொற்கள். கோல்ஃப் தளம் ஒன்றில் பெரும்பாலும் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் தொடக்க மேடை ஒன்று, அங்கிருந்து மட்டமாகப் புல் வெட்டிய நீண்ட பாதை, அதனை ஃபேர்வே என்பர், முடிவில் கம்பளம்போல் வெட்டிய சிறு பரப்பு, அது கிரீன், அதில்தான் குழி. இடையிடையே பந்தை விழுங்கக் காத்திருக்கும் மணற்குழிகள் உண்டு. அவை பங்கர் எனப்படும். இவற்றை எங்கே, எந்தச் சாய்வில் வைப்பது என்பதே தளம் வகுப்பவரின் கலை. மண்ணும் புல்லும் மணலும்தான் அவருடைய எழுதுபொருள்கள்.

ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் கோல்ஃப் கழகம் பிரனீசு மலையடிவாரத்தில் உள்ள போ நகரில் 1856-இல் தொடங்கியது. குளிர்காலத்தைக் கழிக்க அங்கு வந்து தங்கிய பிரித்தானியரின் முயற்சி அது. 1888-இல் பியாரிட்சு, 1897-இல் தியெப், 1904-இல் லெ தூக்கே என்று கடலோர ஊர்களில் தளங்கள் பெருகின. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஹாரி கோல்ட், டாம் சிம்ப்சன் ஆகிய இரு ஆங்கிலேயர் இக்கலையின் உச்சத்தைப் பிரான்சில் காட்டினர். பாரிசுக்கு வடக்கே மோர்ஃபோந்தேனில் சிம்ப்சன் 1927-இல் வகுத்த தளமும், லெ தூக்கேயின் மணல்மேடுகளில் கோல்ட் வகுத்து 1931-இல் திறக்கப்பட்ட ‘லா மேர்’ தளமும் இன்றும் பேசப்படுகின்றன.

ஆனால் இன்று நாம் காணும் தரை அவர்கள் விட்டுச்சென்ற தரைதானா? இங்கேதான் வான்படம் வருகிறது.

வானிலிருந்து தரையைப் படம் பிடிக்கும் கலை பிறந்ததும் பிரான்சில்தான். 1858-இல் நாடார் என்னும் படக்கலைஞர் பாரிசுக்கு அருகே கட்டி நிறுத்திய பலூனிலிருந்து முதற்படத்தை எடுத்தார். அப்படம் இன்று இல்லை. முதல் உலகப் போர் அக்கலையைப் படைத்துறையின் கண்ணாக்கியது. 1940-இல் நிறுவப்பட்ட தேசிய நிலவரைபட நிறுவனம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு முழுவதையும் துண்டு துண்டாகப் படம் பிடித்தது. அப்படங்களையும் அவற்றுக்கு முந்திய பலவற்றையும் இன்று கணினியில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஐம்பதுகளின் தரையையும் இன்றைய தரையையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். போர்க்காலத்தில் நேசநாட்டு விமானங்கள் எடுத்த படங்களின் பெருந்தொகுதி எடின்பரோ நகரில் உள்ள வான்படக் காப்பகத்தில் இருக்கிறது.

இப்படங்களின் சிறப்பு, அவற்றை எடுத்தவர்க்குக் கோல்ஃபைப் பற்றி எந்த அக்கறையும் இல்லாமையே என்பது என் கருத்து. ஒருவர் வரைபடத்துக்காக எடுத்தார். மற்றொருவர் எங்கே குண்டு போடலாம் என்பதற்காக எடுத்தார். தளம் தற்செயலாக உள்ளே விழுந்தது. கழகமே எடுத்து வெளியிட்ட படத்தில் அழகான குழி மட்டும் அழகான ஒளியில் இருக்கும். வகுத்தவரின் வரைபடமோ கருதியதைக் காட்டுமேயன்றிக் கட்டியதைக் காட்டாது. கல்வெட்டு படிப்போர் இதனை எளிதில் உணர்வர். மெய்க்கீர்த்தி மன்னன் சொல்ல விரும்பியதைச் சொல்கிறது. அதன் கீழே வரும் நான்கெல்லை, “இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் நிலத்துக்கு மேற்கு” என்று, சொல்ல எண்ணாததையெல்லாம் சொல்லிவிடுகிறது. என் ஆய்வுக் காலத்தில் மெய்க்கீர்த்தியைவிட நான்கெல்லையையே நான் மிகுதியும் நம்பினேன்.

இனி, எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். போருக்குப் பிந்திய பிரெஞ்சுப் படங்களில் பல 1:25,000 அளவை ஒட்டியவை. அதாவது படத்தில் 1 மில்லிமீட்டர், தரையில் 25 மீட்டர். 10 மீட்டர் அகலமுள்ள மணற்குழி படத்தில் 0.4 மில்லிமீட்டர்தான், ஊசிமுனைப் புள்ளி. அடுத்தடுத்த படங்கள் ஒன்றையொன்று தழுவும்படி எடுக்கப்படுவதால், இரண்டை இணையாக வைத்து இரட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். தனிப்படமாயின் நிழலைத்தான் நம்ப வேண்டும், நிழலோ ஏமாற்றும். ஒளி மேலிருந்து வருவதாகவே நம் கண் எப்போதும் எண்ணிக்கொள்கிறது. வடதிசையை மேலாக வைத்த பிரெஞ்சுப் படத்தில் வெயில் தெற்கிலிருந்து, அதாவது படத்தின் கீழ்ப்புறத்திலிருந்து விழுகிறது. விளைவு, பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தோன்றும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் தரை தன் உண்மை வடிவுக்கு வந்துவிடும்.

லெ தூக்கேயைப் பாருங்கள். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வோட்ஹவுஸ் அங்கே கோல்ஃப் தளத்துக்கு அருகில்தான் குடியிருந்தார். 1940-இல் ஜெர்மானியரிடம் சிக்கியதும் அங்கேதான். அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்தக் கடற்கரை அரணாக்கப்பட்டது, கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன, குண்டுகள் விழுந்தன. போரை ஒட்டிய ஆண்டுகளின் படங்களில் அத்தகைய மணல்வெளியைப் பார்ப்பவர் திகைப்பார். எங்கும் வெள்ளைப் புள்ளிகள். எது கோல்ட் வகுத்த மணற்குழி? எது குண்டு பறித்த குழி? கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒரே வெண்மை.

வேறுபாடு வடிவில் இருக்கிறது. குண்டுக்குழி வட்டமானது, மண் நாற்புறமும் சமமாகச் சிதறி விளிம்பு கட்டியிருக்கும். ஒரே விமானம் தொடர்ந்து வீசியதாயின் குழிகள் ஒரே நேர்கோட்டில் அமைந்து, ஃபேர்வேயைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். மணற்குழி வட்டத்துக்கு அடங்காது. அதற்கு முகம் உண்டு. ஆடுவோர் வரும் திசையை நோக்கி ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும். கிரீனின் தோளிலோ, பந்து விழக்கூடும் என்று வகுத்தவர் கணித்த தொலைவிலோ அது காத்திருக்கும். சுருங்கச் சொன்னால், ஒன்றில் எதிரே வரும் மனிதனைப் பற்றிய நினைப்பு இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. சுவடியில் எழுத்தாணி கீறியதையும் செல் அரித்ததையும் பிரித்தறியும் கண்தான் இங்கும் தேவைப்படுகிறது. ஓரிடத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்திருந்தால், இன்னதென்று துணியாமல் விட்டுவிடுவதே நேர்மை.

தூர்த்த குழியும் முற்றாக மறைந்துவிடுவதில்லை. அறுபதுகளில் தொடங்கி ரொஜே அகாஷ் என்னும் தொல்லியலாளர் வட பிரான்சின் சொம் பகுதியில் பறந்து பறந்து, உழுத வயல்களில் தெரிந்த சுண்ணாம்புத் தடங்களைக் கொண்டு உரோமர் காலப் பண்ணை வீடுகளின் அடித்தளங்களைக் கண்டுபிடித்தார். கோல்ஃப் தளத்திலும் அதே இயற்கைதான். மணலால் நிரம்பிய பழைய குழியில் நீர் தங்காது. ஆகவே கடுங்கோடையில் அதன்மேல் உள்ள புல் முதலில் காய்ந்து, குழியின் வடிவத்தைப் பழுப்பு நிறத்தில் வரைந்து காட்டும். வறட்சி, மறைந்த எழுத்தைப் படிக்கத் தருகிறது. (2022-ஆம் ஆண்டு வறட்சியில் பிரெஞ்சு மக்கள் தோட்டங்களுக்கு நீர் ஊற்றத் தடை இருக்க, கிரீன்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. தூலூசு நகரையொட்டிச் சினமுற்ற சிலர் இரவோடிரவாகக் குழிகளில் சிமெண்டை நிரப்பினர். அதுவும் அந்தத் தரையின் மேல் எழுதப்பட்ட ஒரு வரியே.)

போரைக் காட்டிலும் பெரிய அழிவு சத்தமின்றி நேர்வது. புல் வெட்டுபவர் கிரீனின் விளிம்பைத் தாண்டிவிடக் கூடாதே என்று விரலளவு உள்ளே தள்ளி வெட்டுகிறார். அடுத்த ஆண்டும் அவ்வாறே. ஐம்பது ஆண்டுகளில் மூலைகள் மறைந்து, கோணல் மாணலாய் உயிரோடிருந்த வடிவம் முட்டைபோல் ஆகிவிடுகிறது. விளிம்பை ஒட்டி வைத்த மணற்குழி காரணமின்றித் தொலைவில் நிற்கிறது. எவரும் குற்றம் செய்யவில்லை. ஏடு பெயர்த்தெழுதுவோர் ஓரத்தில் ஓரெழுத்தை விட்டுவிடுவதும் இப்படித்தான். மரங்களும் அப்படியே. ஆடுமாடு மேய்ந்த காலத்தில் திறந்த புதர்வெளியாய் இருந்த இடங்கள், மேய்ச்சல் நின்றபின் காடாகிவிட்டன. பழைய படத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த குழிகளுக்கிடையே இன்று மரச்சுவர். மோர்ஃபோந்தேன் என்றதும் ஓவியம் அறிந்தார்க்குக் கோரோவின் 1864-ஆம் ஆண்டுப் படம் நினைவுக்கு வரும். ஏரியும் சாய்ந்த மரமும் கொண்ட அதற்கு அவர் இட்ட பெயரே அவ்வூரின் ‘நினைவு’ என்பது. காட்சியை அப்படியே வரைந்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

வான்படம் உதவாத இடமும் உண்டு. பியாரிட்சில் கடற்பிளவைத் தாண்டி அடிக்க வேண்டிய குழி ஒன்று புகழ்பெற்றிருந்தது. அதைக் கண்டு சென்ற அமெரிக்கர் மெக்டானல்ட், அதன் நினைவில் தம் நாட்டில் குழிகளை அமைத்தார். 1926-இல் திறந்த யேல் பல்கலைக்கழகத் தளத்தின் ஒன்பதாம் குழி அவற்றுள் புகழ்பெற்றது. கிரீனின் குறுக்கே ஆழ்ந்த பள்ளம் ஓடும் அவ்வகைக்கு ‘பியாரிட்ஸ்’ என்றே பெயர். மூலக்குழியோ பின்னர் கைவிடப்பட்டுவிட்டது. தளம் வகுத்த 1888-இல் விமானமே இல்லை. அந்தப் பள்ளம் மூலத்தில் இருந்ததா, எங்கே இருந்தது என்பதில் ஆய்வாளர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு. புறத்திரட்டு எடுத்தாண்ட பாடல்களால் தகடூர் யாத்திரையை ஓரளவு அறிகிறோமே, அதுபோன்ற நிலைதான்.

வான்படம் காட்டாத இன்னொன்று மனிதர். 1907-இல் பிரித்தானியரின் ஓப்பன் போட்டியை வென்ற முதல் அயல்நாட்டவரான அர்னோ மாசி, பியாரிட்சுத் தளத்தில் செல்வர்க்கு மட்டைப்பை சுமந்த சிறுவன். வென்ற ஊரின் பெயரான ஹொய்லேக் என்பதைத் தம் மகளுக்குச் சூட்டினார். பிரெஞ்சுக்காரர் எவரும் இன்றளவும் அவ்வெற்றியை மீண்டும் பெறவில்லை. அவர் சுமந்து நடந்த தடம், ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தால் புல்லில் தெரியாது.

லெ தூக்கேயில் 2010-களில் கோல்ட்டின் தளத்தைப் பழைய வடிவுக்கு மீட்கும் பணி நடந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆயினும் ஒரு வினா. எந்த ஆண்டின் வடிவுக்கு மீட்பது? மணல்மேடு நகரும்; புல் வளரும்; வகுத்தவரே மறுநாள் மனம் மாறியிருக்கலாம். வான்படம் சான்றளிப்பது ஒரு நாளின் ஒரு நொடிக்குத்தான். பதிப்பாசிரியர் ஒரு பாடத்தை மேலே கொள்ளும்போது மற்றவற்றை அடிக்குறிப்பில் தருகிறார். தரையில் அடிக்குறிப்பு இடுவதற்கு வழியில்லை. நான் அந்தப் பணியில் இருந்திருந்தால், எல்லாவற்றையும் 1931-க்குத் திருப்பிய பிறகும், ஆட்டத்துக்கு இடையூறில்லாத ஓரத்தில் ஒரு குண்டுக்குழியை மட்டும் தூர்க்காமல் விடச் சொல்லியிருப்பேன்.