கருவி எஃகின் முகமும் சீரொளிக் கலப்பும்



உருகிய அலுமினியத்தை அழுத்தத்துடன் செலுத்தி வார்க்கும் எஃகு அச்சு ஒன்றை மனத்திற்கொள்ளுங்கள். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகுவது. அச்சுக்குள் பாயும்போது அதனினும் சூடாக இருக்கும். வார்ப்பு வெளியேறியதும் அச்சின் முகத்தில் குளிர்நீர்மம் தெளிப்பர். சூடும் குளிரும் பல்லாயிரம் முறை மாறி மாறித் தாக்க, முகத்தில் வலைபோல் நுண்விரிசல்கள் ஓடும். உள்ளுடல் நன்றாகவே இருக்கும். முகம் கெட்டதால் அச்சு முழுவதும் பழைய இரும்பாகிவிடும்.

இவ்வச்சுகளுக்குப் பெரிதும் பயன்படும் எச்13 எஃகில் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கரியும் 5 விழுக்காடு குரோமியமும், சிறிதளவு மாலிப்டினமும் வனேடியமும் உண்டு. அச்சு முழுவதையுமே மிகக் கடினமாக்கினால் என்ன? கடினம் கூடினால் முறியாது தாங்கும் திறன் குறையும், அச்சு பிளந்துவிடும். ஆகவே முகத்தை மட்டும் மாற்றுகின்றனர்.

லேசர் எனப் பலரும் வழங்கும் சீரொளிக் கற்றை, எஃகின் மேற்பரப்பை உருக்கிச் சிறு குட்டையாக்குகிறது. அதனுள் டைட்டானியம் கார்பைடு, டங்ஸ்டன் கார்பைடு போன்ற தூளை ஆர்கான் வளிமத்தால் ஊதுவர். கற்றை நகர்ந்ததும், அடியிலுள்ள குளிர்ந்த எஃகு வெப்பத்தை உறிஞ்ச, குட்டை நொடிப்பொழுதில் உறைந்துவிடும். கொல்லர் நீரில் தோய்த்துப் பெறும் கடினத்தை இங்கே எஃகின் உடலே தந்துவிடுகிறது.

இதனைப் பூச்சு என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுண்ணாம்பு பூசிய சுவரில் சுவர் வேறு, சுண்ணாம்பு வேறு; நாளடைவில் உரியும். மின்முலாமும் அத்தகையதே. இங்கோ தூளும் எஃகும் ஒன்றாய் உருகி ஒன்றாய் உறைவதால், உரிவதற்குரிய கூரிய எல்லை இல்லை. பூச்சு என்றே படித்த மாணவர், அது ஏன் உரிவதில்லை என்று கேட்டால் திகைப்பார். மேற்பரப்புக் கலப்பு என்பதே பொருந்தும். அடி எஃகைச் சிறிதளவே உருக்கி, மேலே புதிய உலோக அடுக்கை ஏற்றும் முறை வேறு. அதனை உறையிடல் எனலாம்.

குறையும் உண்டு. விரைந்து உறைந்த அடுக்கு சுருங்க முயல, அடி எஃகு விடாது பற்றிக்கொள்ளும். அவ்விழுவிசையால் விரிசல் தோன்றலாம். கார்பைடு மிகுந்தால் இவ்வச்சம் கூடும். இதனாலேயே எஃகைச் சில நூறு பாகைக்கு முன்கூட்டியே சூடாக்குவர். அதுவும் அளவு மீறினால் குட்டை மெல்ல உறையும்; மணிகள் பருத்து, தேடிய கடினம் குறைந்துவிடும்.